ஜோகூர்க் கடற்பாலமும் பொதுப் பணமும்

சர்க்கார் ரோடு போடுகிறது, சர்க்கார் ஆஸ்பத்திரி கட்டுகிறது, சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கொடுக்கிறது என்று நாம் நாள்தோறும் பேசிக்கொள்கிறோம். ஆனால் சர்க்காருக்குக் கல் உடைக்கும் கை கிடையாது. மரம் அறுக்கும் வாளும் கிடையாது. அது நம்மிடம் வரியாக வாங்கிய பணத்தைக் கொண்டு, கல்லை ஒருவனிடமும் மரத்தை மற்றொருவனிடமும் வாங்குகிறது. வேலையை வேறொருவனிடம் கண்டிராக்டு விடுகிறது. ஆகவே ஒரு சர்க்கார் நல்லதா கெட்டதா என்று அறிய விரும்புவோர், அதன் மந்திரிகள் பேசும் பேச்சை மட்டும் கேட்டால் போதாது. அது எதை வாங்குகிறது, யாரிடம் வாங்குகிறது, என்ன விலைக்கு வாங்குகிறது, வாங்கிய பொருள் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்பனவற்றையும் பார்க்க வேண்டும். இது கணக்கப்பிள்ளைகளின் விஷயம், நமக்கென்ன என்று ஒதுங்கியிருப்பது அறியாமையாகும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை ஒழுகினால் நனைவது நம் பிள்ளைகளே அன்றோ?

இவ்விஷயத்தை வெறும் தத்துவமாகப் பேசாமல், நம் கண்ணெதிரே நிற்கும் ஓர் உதாரணத்தைக் கொண்டு ஆராய்வோம். ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தில் நடக்காத தமிழன் தென் மலாயாவில் அநேகமாக இருக்க மாட்டான். அதில் வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் பல்லாயிரம் பேர். அப்பாலம் எப்படி வந்தது என்று கேட்டவர்களோ மிகச் சிலர்.

பண்டைக் காலத்தில்

பொதுப் பணத்தைச் செலவிடுபவனுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது நேற்று மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவ்வூர்ச் சபையார் ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்றும், தோட்டங்களைக் கவனிக்கத் தோட்ட வாரியம் என்றும் குழுக்கள் அமைத்தனர். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து அங்கத்தினரைத் தேர்ந்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடியும் அப்பதவிக்கு வரலாகாது என்பது அங்கே எழுதப்பட்ட விதி. கணக்குக் காட்டாதவனின் மாமனும் மைத்துனனும்கூட வரக்கூடாது என்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டினார்கள் என்றால், உறவின் வழியாகப் பொதுப் பணம் ஒழுகும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பது தெளிவு.

ஆயினும், பழம்பெருமை பேசி மயங்கிவிடலாகாது. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்களின் சபை. ஏரிக்கு மண் சுமந்தவனுடைய பெயரும், எந்தப் பெண்ணின் பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை. கணக்குக் கேட்கும் உரிமை சிலருக்கு மட்டும் இருந்தது; சுமக்கும் கடமையோ பலருக்கு இருந்தது. அந்தக் குறை இன்றளவும் முற்றும் தீரவில்லை.

மேல்நாட்டிலும் கண்டிராக்டு ஊழல் பழையதே. கிறிஸ்துவுக்கு முன் 215-ஆம் ஆண்டில், ரோமாபுரி கார்த்தேஜுடன் பெரும்போர் நடத்திக்கொண்டிருந்தது. ஸ்பெயினிலிருந்த படைக்கு உடையும் தானியமும் அனுப்பச் சர்க்காரிடம் ரொக்கம் இல்லை. வியாபாரிகள் கடனுக்குத் தர முன்வந்தார்கள். ஆனால் புயலால் சரக்கு அழிந்தால் நஷ்டம் சர்க்காரைச் சேர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். நடந்தது என்ன? போஸ்துமியஸ் என்பவனும் அவன் கூட்டாளிகளும் பழைய ஓட்டைக் கப்பல்களில் அற்பச் சரக்கை ஏற்றி, நடுக்கடலில் தாமே மூழ்கடித்து, பெருஞ்சரக்கு அழிந்ததாகக் கணக்கு எழுதினர். 212-ஆம் ஆண்டில் விஷயம் வெளிப்பட்டு விசாரணைக்கு வந்தது. அதிகாரிகளுக்கு முன்பே தகவல் கிடைத்திருந்தும், போர்க்காலத்தில் கண்டிராக்டர்களைப் பகைத்துக்கொள்ள அஞ்சி வாளாவிருந்தனர். அவசரம் என்ற சொல்லே பொதுப் பணத்துக்கு முதற் பகை என்பதை இது காட்டுகிறது.

ஆற்றுச் சாசனமும் மரத் தண்டவாளமும்

இனி ஜோகூருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோகூர்ச் சர்க்காருக்கு ரோடு போடவோ காட்டைத் திருத்தவோ பெரிய இலாகாக்கள் இல்லை. ஆகவே அது வேலையை விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக உரிமையை விற்றது. ஓர் ஆற்றங்கரையைச் சீனத் தலைவன் ஒருவனுக்குச் சுராட் சுங்கை என்ற ஆற்றுச் சாசனத்தின் மூலம் விடுவார்கள். கங்சூ எனப்பட்ட அத்தலைவன் ஆட்களைக் கொண்டுவந்து காட்டை வெட்டி, மிளகும் கம்பியரும் பயிரிடுவான். அக்குடியேற்றத்தில் சாராயம், அபினி, சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் ஆதாயமும் அவனைச் சேர்ந்தது. சர்க்காருக்குச் செலவின்றி நாடு திருந்திற்று என்பது உண்மையே. ஆனால் பகலெல்லாம் காடு வெட்டியவனின் கூலி இரவில் அபினிக் குழாய் வழியாக முதலாளியிடமே திரும்பிப் போயிற்று. இம்முறை 1917-ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டது. சர்க்கார் தன் கடமையைக் கண்காணிப்பின்றி ஒருவன் கையில் ஒப்படைத்தால், நாடு வளரலாம். உழைப்பவன் வளர மாட்டான்.

ஜோகூர்ச் சர்க்கார் தானே செய்யப் புகுந்த முதல் பெருவேலைகளில் ஒன்று வேடிக்கையாக முடிந்தது. 1869-ஆம் ஆண்டில், அபு பக்கார் மகாராஜாவாக இருந்தபோது, ஜோகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலையை நோக்கி ஒரு ரயில் பாதை தொடங்கப்பட்டது. தண்டவாளம் இரும்பினால் அன்று, மரத்தினால் செய்யப்பட்டது. இரும்பு கடல் கடந்து வரவேண்டும். மரமோ காட்டில் நிறைய இருந்தது. மரத்தைப் போட்டார்கள், கறையான் தின்றுவிட்டது. மலையை எட்டுவதற்கு முன்பே திட்டம் கைவிடப்பட்டது. வாங்கும்போது குறைந்த விலையாகத் தோன்றுவது, வைத்துக் காக்கும்போது பெருவிலையாக முடியும் என்ற பாடத்தை ஜோகூருக்குக் கறையான் கற்பித்தது. எக்காலத்து டெண்டர்க் குழுவும் மறக்கத்தகாத பாடம் இது.

ரயிலும் படகும்

1903-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தீவின் ரயில் பாதை வடகரையிலுள்ள உட்லண்ட்ஸை எட்டியது. 1904-ஆம் ஆண்டில் ஜோகூருக்கும் ஐக்கிய மலாய் நாடுகளுக்கும் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, கெமாசிலிருந்து ஜோகூர் பாரு வரை சுமார் 120 மைல் நீளமுள்ள பாதை போடப்பட்டு 1909-ஆம் ஆண்டில் முடிவுற்றது. மலாயாவின் ரயில் பாதைகளைப் போட்டதிலும் காத்ததிலும் தமிழ்த் தொழிலாளரின் பங்கு எவ்வளவு என்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் பாட்டன்மாரில் பலர் அப்பாதைகளின் ஓரத்தில் வரிசைவீடுகளில் வாழ்ந்து, அங்கேயே மாண்டவர்கள்.

பாதை முடிந்தும் நடுவில் ஜலசந்தி நின்றது. பிரயாணிகள் இறங்கிப் படகேற வேண்டும். சரக்கு வண்டிகளைப் பெரிய படகுகளில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். ஜோகூரில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருக, இரவும் பகலும் படகு ஓடியும் சரக்கு தேங்கிற்று. ஆகவே கடற்பாலத்தின் தேவை எந்த மந்திரியின் கனவிலும் பிறந்ததன்று. கரையில் காத்துக் கிடந்த வண்டிகளே அதைக் கேட்டன. பொது வேலை ஒவ்வொன்றுக்கும் நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி இதுதான்: இது யாருக்கு வேண்டியிருக்கிறது?

திட்டமும் கண்டிராக்டும்

1917-ஆம் ஆண்டில், ஐக்கிய மலாய் நாடுகளின் பொதுமராமத்து டைரக்டர் ஏயர் கென்னி என்பவர், இரும்புப் பாலத்தினும் கல்லணையே தக்கது என்று கூறினார். காரணம் எளிது. இரும்புப் பாலம் கட்டினால் எஃகை மேல்நாட்டிலிருந்து தருவிக்க வேண்டும். உப்புக் காற்றில் அதைக் காக்கும் செலவு ஓயாது. கருங்கல்லோ பக்கத்திலேயே, பூலாவ் ஊபினிலும் புக்கித் தீமாவிலும் மலை மலையாகக் கிடந்தது. மரத் தண்டவாளம் போட்டவர்களும் பக்கத்தில் கிடைத்ததையே எடுத்தார்கள். இவர்களும் பக்கத்தில் கிடைத்ததையே எடுத்தார்கள். ஆனால் இவர்கள் முதல் விலையை மட்டும் பாராமல், காக்கும் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மலிவுக்கும் சிக்கனத்துக்கும் உள்ள வேற்றுமை அதுவே.

அடுத்த படி, திட்டம் வகுப்பது. லண்டனிலிருந்த கூட், பிட்ஸ்மாரிஸ், வில்சன், மிட்செல் என்ற ஆலோசனை எஞ்சினியர்களிடம் அப்பொறுப்பு விடப்பட்டது. அவர்கள் 1918-ஆம் ஆண்டில் திட்டத்தைச் சமர்ப்பித்தனர். வேலையைச் செய்யும் கண்டிராக்டு 1919-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ந் தேதி டாப்ஹாம், ஜோன்ஸ், ரெயில்டன் என்ற வேறொரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டது. திட்டம் வகுத்தவன் ஒருவன், வேலை செய்தவன் மற்றொருவன் என்பதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எவ்வளவு கல் வேண்டும் என்று சொல்பவனே கல்லை விற்பவனாகவும் இருந்தால், கடல் எப்பொழுது நிரம்பும்? மேலும், அக்கம்பெனி இவ்வூருக்குப் புதியதன்று. 1913-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் கிங்ஸ் டாக் என்னும் கப்பல் துறையைக் கட்டியவர்கள் அவர்களே. கடல் வேலையில் அவர்கள் கை எப்படிப்பட்டது என்பதை ஊரார் கண்டிருந்தார்கள்.

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வேலை தொடங்கிற்று. 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ந் தேதி, சுல்தான் இப்ராஹிம் முன்னிலையில், கவர்னர் சர் லாரன்ஸ் கில்லமார்டு அஸ்திவாரக் கல்லைக் கடலில் இறக்கினார். 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சரக்கு ரயில்களும், அக்டோபர் மாதம் முதல் தேதியில் பிரயாணி ரயில்களும் ஓடத் தொடங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 28-ந் தேதி பாலம் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. நீளம் 3,465 அடி. அகலம் 60 அடி. இரண்டு ரயில் பாதைகளும், வண்டிகள் செல்ல ரோடும், சிறு கப்பல்கள் கடக்க ஒரு மதகுக் கால்வாயும், அதன்மேல் தூக்குப் பாலமும், தண்ணீர்க் குழாய்களுக்கு இடமும் அதில் அமைக்கப்பட்டன. செலவு சுமார் 1 கோடி 70 லட்சம் வெள்ளி என்று கணக்கிடுகின்றனர். 1927-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் முனிசிபாலிடி ஜோகூர் சுல்தானுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, குனோங் பூலாய் மலையின் தண்ணீரைக் குழாய் வழியாகக் கொண்டுபோக முற்பட்டபோது, இப்பாலமே அதற்கு வழி கொடுத்தது. மரத் தண்டவாளத்தால் எட்ட முடியாத அதே மலையிலிருந்து தண்ணீர் வந்தது என்பது விந்தையே.

பணம் யாருடையது?

இதுவரை பாலத்தின் சிறப்பைச் சொன்னோம். இனி மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். திட்டம் வகுத்தவரும் லண்டன், கட்டியவரும் லண்டன். அக்காலத்தில் குடியேற்ற நாடுகளின் சர்க்கார்களுக்கு வேண்டிய இரும்பு, இயந்திரம் முதலியவற்றைக் கிரவுன் ஏஜண்டுகள் என்ற லண்டன் அலுவலகத்தார் அங்கேயே வாங்கி அனுப்புவது வழக்கம். பணம் கொடுத்தவரோ இங்கே இருந்தனர். அவர்களுக்கு ஓட்டு இல்லை. சட்டசபையில் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி இல்லை. சிங்கப்பூரை உள்ளிட்ட நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில், அக்காலத்துப் பல ஆண்டுகளில், ஏறக்குறையப் பாதி அபினி விற்பனையிலிருந்து வந்தது என்பது சரித்திரம். ரிக்ஷா இழுத்தவனும் மூட்டை சுமந்தவனும் புகைத்த அபினியின் காசு கஜானாவில் சேர்ந்து, கல்லாகவும் இரும்பாகவும் மாறிற்று. பொதுப் பணம் என்று நாம் மரியாதையாகச் சொல்வது பெரும்பாலும் ஏழையின் பணமே. அதை வீணாக்குபவன் பணக்காரனைக் கொள்ளையடிக்கவில்லை, ஏழையைக் கொள்ளையடிக்கிறான்.

வேலை செய்தவர்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். கவர்னர் பெயரும், சுல்தான் பெயரும், கம்பெனியின் பெயரும் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. கல் உடைத்தவன் பெயரும், கல் சுமந்தவன் பெயரும் இல்லை. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரும் முறை 1910-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938-ஆம் ஆண்டு வரை நடந்தது. அந்த நிலையில் கூலிக்காரன் கண்டிராக்டரிடம் நியாயம் கேட்பது எவ்வளவு கடினம் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

சர்க்கார் வேலையைக் குறைந்த விலைக்கு எடுப்பவன், அக்குறைவை எங்கிருந்து ஈடு செய்வான்? கல்லின் விலையைக் குறைக்க முடியாது. சிமெண்டின் விலையைக் குறைக்க முடியாது. குறைக்கக் கூடியது ஒன்றே, அது கூலி. இதை அறிந்தே பிரிட்டிஷ் பொதுச்சபை 1891-ஆம் ஆண்டில், சர்க்கார் கண்டிராக்டு எடுப்பவர் அத்தொழிலில் வழங்கும் நியாயமான கூலியைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஆனால், உலக முழுவதுக்கும் உரிய உடன்படிக்கையாகச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் அதை ஏற்றது 1949-ஆம் ஆண்டில்தான். இடையிலே 58 ஆண்டுகள் கழிந்தன. ஜோகூர்ப் பாலத்தில் கல் சுமந்தவன் அந்த இடைவெளியில் வாழ்ந்தவன்.

கட்டாத பாலம்

1942-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31-ந் தேதி, ஜப்பானியர் வருகையைத் தடுக்கப் பிரிட்டிஷார் தாமே பாலத்தின் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்தனர். சில நாட்களில் ஜப்பானியர் அதைச் செப்பனிட்டுக் கடந்தனர். கல்லணை அழியவில்லை; இன்றும் நிற்கிறது.

அதற்குப் பதிலாகப் புதுப்பாலம் கட்டும் முயற்சிக்கு நேர்ந்த கதி வேறு. சிங்கப்பூருடன் உடன்பாடு ஏற்படாத நிலையில், 2003-ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் தன் எல்லைவரை மட்டும் வளைவான ஒரு பாலம் கட்டி, எஞ்சிய கல்லணையுடன் இணைக்கப் போவதாக அறிவித்தது. 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அப்துல்லா அகமது படாவி பிரதமராக இருந்தபோது, அத்திட்டம் கைவிடப்பட்டது. கண்டிராக்டருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று. சுங்க, குடிநுழைவுக் கட்டடம் மட்டும் முடிக்கப்பட்டு 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் திறக்கப்பட்டது. பாலம் நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் நாம் நுழையவில்லை. பாலத்துக்கு இரண்டு கரை உண்டு. இரு கரையும் இசையுமுன் கண்டிராக்டு கையெழுத்தானால், ஓடாத வண்டிக்கும் நாம் கட்டணம் கொடுக்க நேரும் என்பதையே சுட்டுகிறோம். 1919-ஆம் ஆண்டின் கண்டிராக்டு, சம்பந்தப்பட்ட சர்க்கார்கள் எல்லாம் இசைந்த பின்னர் கையெழுத்தானது என்பதை இதனோடு ஒப்பிடுக.

சட்டமும் நாமும்

மலேசியாவில் நெடுங்காலம் சர்க்கார் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் இருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டமும், நிதியமைச்சின் சுற்றறிக்கைகளுமே வழிகாட்டின. சுற்றறிக்கை என்பது எழுதியவரே மாற்றக் கூடியது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மக்களவை அரசாங்கக் கொள்முதல் மசோதாவை நிறைவேற்றியது. விதிகள் சட்டமாவது நன்மையே. மந்திரிக்கு அதிக அதிகாரம் விடப்பட்டிருக்கிறது என்று சபையில் ஆட்சேபமும் எழுந்தது. இரண்டையும் நாம் கவனிக்க வேண்டும். உத்திரமேரூரில் கல்லில் வெட்டிய சட்டமும் அதைப் படித்துக் கேட்பவன் இருந்தவரையில்தான் உயிரோடிருந்தது.

ஆகவே நம் தோழர்களுக்கு நாம் கூறுவது இது. நம் ஊரில் சர்க்கார் வேலை நடக்கும் இடத்தில் ஒரு பலகை நாட்டியிருப்பார்கள். வேலை என்ன, எடுத்தவர் யார், தொடங்கும் நாள் எது, முடியும் நாள் எது என்று அதில் எழுதியிருக்கும். அதை நின்று படியுங்கள். நாள் கடந்தால் ஏன் என்று உங்கள் சட்டமன்ற அங்கத்தினரைக் கேளுங்கள். தணிக்கைத் தலைவரின் அறிக்கை பொதுவில் வெளியிடப்படுகிறது. படிப்பறிவுள்ள இளைஞர்கள் அதிலுள்ள ஜோகூர் விஷயங்களைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். வேலை செய்பவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் இன்று வங்காளத்திலிருந்தோ நேப்பாளத்திலிருந்தோ வந்தவர்களாக இருக்கலாம். நேற்று அந்த இடத்தில் நின்றவர்கள் நம் பாட்டன்மார் என்பதை மறவாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நம் சொந்த வீட்டைப் பெருக்குவோம். நம் சங்கக் கட்டடத்துக்கும், பள்ளிக்கூட மண்டபத்துக்கும், கோயில் திருப்பணிக்கும் நாம் எப்படிக் கண்டிராக்டு விடுகிறோம்? மூன்று பேரிடம் விலை கேட்கிறோமா, தலைவரின் மைத்துனரிடமே கொடுத்துவிடுகிறோமா? ஆண்டு முடிவில் கணக்கு வாசிக்கிறோமா, பொன்னாடை போர்த்திவிட்டுக் கலைகிறோமா? பத்தாயிரம் வெள்ளிக்குக் கணக்குக் கேட்கக் கூசுகிறவன், பத்துக் கோடி வெள்ளிக்குக் கணக்குக் கேட்கப்போவதில்லை. கேட்கப் பழகுவோம், கேட்டால் சொல்லவும் பழகுவோம். அடுத்த முறை கடற்பாலத்தில் வண்டி நெரிசலில் காத்து நிற்கும்போது, காலின் கீழுள்ள கல்லைப் பற்றிச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அதை வாங்கிய காசும் நம் போன்றவர்களுடையது. அதைச் சுமந்த தோளும் நம் போன்றவர்களுடையது.